எஸ்எஸ்ஹெச் உள்ளே விட மறுக்கிறதா? லாகின் வரம்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைய முடியாமல் போனால் பலரும் முதலில் செய்வது, கான்ஃபிக் கோப்பைத் திறந்து ‘மேக்ஸ்’ என்று தொடங்கும் எண்களையெல்லாம் ஏற்றிவிடுவது. சில சமயம் பிரச்சினை போய்விடும். எதனால் போனது என்று தெரியாததால் அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பார்கள். வெளியிலிருந்து ஷெல் (கட்டளைகளைத் தட்டும் இடம்) வரைக்கும் போகிற வழியில் ஏழெட்டு இடங்களில் தடை வரலாம். ஒன்று இணைப்பை எண்ணுகிறது, ஒன்று பயனரை, ஒன்று ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை), இன்னொன்று முகவரியை. எது எதை எண்ணுகிறது என்பதைப் பிடித்துவிட்டால், எந்த எண்ணைத் தொட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கீழே உள்ளவை எல்லாம் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரை வைத்துச் சொல்லப்பட்டவை.

எந்த வரம்பில் மாட்டியிருக்கிறேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இணைப்பு எந்தக் கட்டத்தில் அறுகிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே அறுந்தால் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் (லாகின் முடிக்காத இணைப்புகளுக்கான வரம்பு), ஃபயர்வால், ஃபெயில்2பேன் (திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் நிரல்) ஆகியவற்றில் ஒன்று. பாஸ்வேர்டே கேட்காமல் “டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்” என்று வந்தால் அது சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் கோப்பு) பற்றிய பிரச்சினை. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, அடுத்த நொடியே வெளியே தள்ளினால் பாம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அமைப்பு) வரம்பு. உள்ளே விட்டுவிட்டு, தட்டும் கட்டளை ஒன்றும் ஓடவில்லை என்றால் ப்ராசஸ் வரம்பு.

கிளையன்ட் பக்கம் -வி என்ற சுவிட்சைச் சேர்த்து இணைத்தால் எதுவரை போனது என்று வரிவரியாகக் காட்டும். இரண்டு மூன்று வி போட்டால் இன்னும் விரிவாக வரும். ஆனால் உண்மையான காரணம் சர்வர் பக்கத்து லாகில்தான் இருக்கும். கிளையன்ட்டுக்குப் போகும் செய்தி வேண்டுமென்றே மொட்டையாக இருக்கும், தாக்க வருபவனுக்கும் அதே செய்திதான் போகிறது என்பதால். டெபியன், உபுண்டு வகையில் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் யூனிட் (சேவை) பெயர் ‘எஸ்எஸ்ஹெச்’. ரெட் ஹேட் வகையில் ‘எஸ்எஸ்ஹெச்டி’. பழைய பாணி லாக் வேண்டுமென்றால் முன்னதில் /வார்/லாக்/ஆத்.லாக், பின்னதில் /வார்/லாக்/செக்யூர்.

மேக்ஸ்செஷன்ஸை 10-லிருந்து 50 ஆக்கினேன். ஆனாலும் ஆட்கள் உள்ளே வர முடியவில்லையே?

வராது. பெயரைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. சர்வரில் மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் இந்த அமைப்புக்கும் தொடர்பே இல்லை. ஒரே ஒரு நெட்வொர்க் இணைப்புக்குள் எத்தனை ஷெல், எஸ்எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) செஷன்கள் திறக்கலாம் என்பதைத்தான் இது சொல்கிறது. இயல்பு மதிப்பு 10. சாதாரணமாக லாகின் செய்யும் ஒருவருக்கு ஒரு இணைப்புக்கு ஒரு செஷன்தான். ஆக 200 பேர் தனித்தனியாக வந்தாலும் இந்த வரம்பு குறுக்கே நிற்காது.

இது கடிப்பது யாரை என்றால், கன்ட்ரோல்மாஸ்டர் போட்டு ஒரே இணைப்பில் பல செஷன்களை ஓட்டுபவர்களை. பதினோராவது ஜன்னலைத் திறக்கும்போது “செஷன் ஓப்பன் ரெஃப்யூஸ்டு பை பியர்” என்று வரும். இதை 1 ஆக்கினால் அப்படிப் பகிர்வதே நின்றுவிடும். 0 ஆக்கினால் ஷெல்லும் எஸ்எஃப்டிபியும் கிடைக்காது, போர்ட் ஃபார்வர்டிங் (வேறு நிரல்களின் தரவை இந்த இணைப்புக்குள் கடத்துவது) மட்டும் நடக்கும். டனலுக்கு மட்டும் கொடுத்த கணக்குகளுக்கு அது பயன்படும் தந்திரம்.

“கெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஐடென்டிஃபிகேஷன்: கனெக்‌ஷன் குளோஸ்டு பை ரிமோட் ஹோஸ்ட்” என்று வருகிறது. திரும்ப முயன்றால் உள்ளே போய்விடுகிறது. ஏன்?

ஒரு தடவை போகிறது, ஒரு தடவை போகவில்லை என்றால் முதல் சந்தேகம் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் மீதுதான். இது எண்ணுவது இன்னும் தன்னை யாரென்று நிரூபிக்காமல் நின்றுகொண்டிருக்கும் இணைப்புகளை. பாஸ்வேர்டோ சாவியோ ஏற்கப்பட்ட அந்த நொடியே இந்தக் கணக்கிலிருந்து விலகிவிடுவீர்கள்.

இயல்பு மதிப்பு 10:30:100 என்று இருக்கும். மூன்று எண்ணுக்கும் பொருள் இது: அப்படிக் காத்திருப்பவை 10 ஆகும் வரை யாரையும் தடுக்காது. 10-ஐத் தொட்டதும் புதிதாக வரும் இணைப்புகளில் 30 சதவீதத்தைக் குலுக்கல் முறையில் தட்டிவிடும். கூட்டம் ஏற ஏற அந்தச் சதவீதமும் நேர்கோட்டில் ஏறும். 28 இணைப்புகள் காத்திருந்தால் 44 சதவீதம், 55 இருந்தால் 65 சதவீதம், 100 ஆகிவிட்டால் எல்லோருக்கும் கதவடைப்பு. அதனால்தான் உங்களுக்குப் போகாத அதே நேரத்தில் பக்கத்து மேசைக்காரருக்குப் போகிறது. “எனக்குப் போகிறதே, உன் நெட்தான் சரியில்லை” என்று அவர் சொல்வார், நம்பாதீர்கள்.

சர்வர் லாகில் “பிகினிங் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் த்ராட்லிங்” என்ற வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். மிகப் பழைய பதிப்புகளில் அந்த வரி வராது. அங்கே லாக் அளவை டீபக் வரை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஆறு பேர்தான். காத்திருப்பவை எப்படி 10-ஐத் தாண்டும்?

இரண்டு வழிகளில். முதலாவது, வெளி உலகம். 22-ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் பாட்கள் இரவுபகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் லாகின்கிரேஸ்டைம் முடியும் வரை, அதாவது இயல்பாக 120 நொடிகள், ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். வந்துவிட்டு ஒன்றுமே பேசாமல் நிற்கும் பத்து இணைப்புகள் போதும், உங்கள் ஆட்களில் சிலர் வெளியே நிற்க.

இரண்டாவது, உங்கள் சொந்த ஆட்டோமேஷன். ஆன்சிபிள் (பல சர்வர்களில் ஒரே வேலையைச் செய்யும் கருவி) ஒரே ஜம்ப் ஹோஸ்ட் (இடைவழி சர்வர்) வழியாக நாற்பது சர்வர்களுக்குப் போகிறது என்றால், அந்த ஜம்ப் ஹோஸ்டில் ஒரே நொடியில் பல புதிய இணைப்புகள் விழும். க்ரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) எல்லாம் மணி அடித்ததும் ஒன்றாகக் கிளம்புவதும் அப்படித்தான். பிரச்சினை எப்போதும் மணி முடிந்த முதல் நிமிடத்தில் மட்டும் வருகிறது என்றால் பாட்களைத் தேட வேண்டாம், க்ரான்டேபைப் பாருங்கள்.

மருந்தும் அதற்கேற்ப மாறும். பாட் என்றால் ஃபயர்வாலில் தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள், அல்லது விபிஎன் பின்னால் தள்ளுங்கள். கிரேஸ் நேரத்தை 30 நொடியாகக் குறைத்தாலும் கூட்டம் சீக்கிரம் கலையும். ஆட்டோமேஷன் என்றால் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸை 50:30:200 போல ஏற்றலாம், கூடவே கன்ட்ரோல்பெர்சிஸ்ட் போட்டு ஏற்கெனவே திறந்த இணைப்பையே திரும்பப் பயன்படுத்தச் சொல்லலாம். பாட் கூட்டத்துக்காக இந்த எண்ணை ஏற்றுவது, என் கருத்தில், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போடும் வேலை.

லாகின்கிரேஸ்டைமை 0 ஆக்கச் சொல்லி எங்கோ படித்தேன். செய்யலாமா?

0 என்றால் காலவரையே இல்லை என்று பொருள். 2024 ஜூலையில் வெளியான ‘ரெக்ரெஷன்’ பாதுகாப்புக் குறைபாட்டின்போது, உடனே அப்டேட் செய்ய முடியாதவர்களுக்கான தற்காலிக வழியாக இது சொல்லப்பட்டது. அதற்கு விலை உண்டு: பேசாமல் நிற்கும் இணைப்புகள் கலையவே கலையாது, மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் நிரம்பி சர்வர் யாரையும் விடாத நிலைக்குப் போகலாம். அப்போது மாற்றிவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பேட்ச் போட்டாயிற்று என்றால் பழைய மதிப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

“டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்” வருகிறது. நான் பாஸ்வேர்டே அடிக்கவில்லையே!

நீங்கள் அடிக்கவில்லை, உங்கள் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் (உங்கள் கணினியில் சாவிகளை வைத்திருக்கும் நிரல்) அடித்துவிட்டது. ஏஜென்ட்டில் எட்டு சாவிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கிளையன்ட் அவற்றை ஒவ்வொன்றாக சர்வரிடம் நீட்டும். சர்வருக்குத் தெரியாத ஒவ்வொரு சாவியும் ஒரு தோல்வியாகப் பதிவாகும். மேக்ஸ்ஆத்ட்ரைஸின் இயல்பு மதிப்பு 6. சரியான சாவி ஏழாவதாகவோ எட்டாவதாகவோ இருந்தால், அதன் முறை வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரவே வராது.

எஸ்எஸ்ஹெச்-ஆட் -எல் கொடுத்தால் ஏஜென்ட்டில் எத்தனை சாவிகள் என்று தெரியும். கிளையன்ட்டின் கான்ஃபிக் கோப்பில் அந்த ஹோஸ்டுக்குக் கீழே ஐடென்டிட்டிஃபைல் வரியில் சரியான சாவியைக் குறிப்பிட்டு, ஐடென்டிட்டிஸ்ஒன்லி யெஸ் என்று சேருங்கள். அந்தச் சாவி மட்டும்தான் போகும். இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் எழுதினால் மற்ற சாவிகளையும் கூடவே நீட்டும். பலர் தடுக்குவது இங்கேதான். சர்வரில் மேக்ஸ்ஆத்ட்ரைஸை ஏற்றுவது தேவையில்லாத வேலை.

“டூ மெனி லாகின்ஸ் ஃபார்...” என்று பயனர் பெயரோடு வருகிறது. இது எங்கிருந்து?

இது எஸ்எஸ்ஹெச்டியின் (எஸ்எஸ்ஹெச் சர்வர் நிரலின்) வேலை அல்ல, பாம் அமைப்பில் உள்ள பாம்_லிமிட்ஸ். /இடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பிலும், பக்கத்திலேயே உள்ள லிமிட்ஸ்.டி அடைவில் இருக்கும் துணைக் கோப்புகளிலும் மேக்ஸ்லாகின்ஸ், மேக்ஸ்சிஸ்லாகின்ஸ் என்று தேடுங்கள். முன்னது ஒரு பயனருக்கான வரம்பு. பின்னது எல்லாப் பயனர்களும் சேர்ந்து சிஸ்டம் முழுவதுக்குமான வரம்பு. ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) இரண்டும் செல்லாது. “ரூட்டாகப் போக முடிகிறது, மற்றவர்களுக்கு மட்டும் முடியவில்லை” என்ற புகார் வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான்.

ஒரு டீம் முழுக்க ‘டிப்ளாய்’ போன்ற ஒரே கணக்கில் நுழையும் இடங்களில் இது அடிக்கடி வெடிக்கும். பாதுகாப்புத் தணிக்கைக்காக யாரோ மேக்ஸ்லாகின்ஸ் 3 என்று போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எண்ணைக் கூட்டுவதைவிட ஆளுக்கொரு கணக்கு கொடுப்பது நல்லது. அப்போது யார் எத்தனை செஷனைத் திறந்து வைத்திருக்கிறார் என்றாவது தெரியும்.

இந்தக் கணக்கு யுடிஎம்பி என்ற லாகின் பதிவேட்டை வைத்து நடக்கிறது. டெர்மினல் இல்லாத எஸ்எஃப்டிபி போன்ற இணைப்புகள் அதில் ஏறுவதில்லை. ஸ்கிரீன் நிரலில் திறக்கும் ஜன்னல்களோ தனித்தனி லாகினாக ஏறக்கூடும். அதனால் உள்ளே இருப்பவர்களைப் பட்டியலிடும் ‘ஹூ’ கட்டளை காட்டும் எண்ணிக்கையும் உங்கள் மனக்கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

‘ஹூ’ கட்டளையில், வீட்டுக்குப் போய்விட்டவர்களின் பெயர்கூட இருக்கிறது. ஆள் இல்லாத செஷன் ஏன் சாகவில்லை?

மடிக்கணினியை மூடிவிட்டுக் கிளம்பினால் அது சர்வரிடம் “போய் வருகிறேன்” என்று சொல்வதில்லை. வைஃபை அறுந்தாலும் அப்படித்தான். சர்வர் பக்கத்தில் டிசிபி இணைப்பு உயிரோடு இருப்பதாகவே தோன்றும். அனுப்ப ஏதாவது தரவு காத்திருந்தால் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து, லினக்ஸின் இயல்பு அமைப்பில் ஏறக்குறைய 15 நிமிடத்தில் கைவிட்டுவிடும். அனுப்ப ஒன்றுமே இல்லை என்றால்தான் நீண்ட காத்திருப்பு. டிசிபி கீப்அலைவ் முதல் சோதனையை அனுப்பவே 7,200 நொடிகள், அதாவது இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கும். அதன்பின் 75 நொடி இடைவெளியில் 9 சோதனைகள். ஆக, செத்துப்போன செஷன் ஒன்று 2 மணி 11 நிமிடம் வரை பதிவேட்டில் உட்கார்ந்திருக்கலாம். மேக்ஸ்லாகின்ஸ் 3 என்று இருக்கும் சர்வரில், மின்சாரம் மூன்று தடவை போய் வந்தால் போதும், உங்கள் இடமெல்லாம் உங்கள் ஆவிகளே பிடித்துக்கொள்ளும்.

எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்கில் கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 60 என்று போடுங்கள். இயல்பு மதிப்பு 0, அதாவது சோதிப்பதே இல்லை. கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் இயல்பாகவே 3. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, மூன்று முறை பதில் வராவிட்டால் செஷனை மூடிவிடும். சுமார் மூன்று நிமிடத்தில் ஆவிகள் ஒழியும்.

அதே அமைப்பை வைத்து, சும்மா உட்கார்ந்திருப்பவர்களையும் வெளியேற்றலாமா?

முடியாது. அந்தச் சோதனைக்குப் பதில் சொல்வது கிளையன்ட் நிரல், மனிதர் அல்ல. மனிதர் தூங்கினாலும் நிரல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய பாதுகாப்புக் கையேடுகளில் கவுன்ட்மேக்ஸை 0 ஆக்கினால் ஐடில் டைம்அவுட் கிடைக்கும் என்று இருக்கும். 8.2 பதிப்பிலிருந்து 0 என்றால் துண்டிப்பதே இல்லை என்று பொருள் மாறிவிட்டது. அதாவது அந்தக் கையேட்டை இன்று பின்பற்றினால், செத்த செஷன்களைக்கூட அது அகற்றாது. தணிக்கைப் பட்டியலில் பச்சை டிக் விழும், அவ்வளவுதான்.

சும்மா இருப்பவர்களை வெளியேற்ற இரண்டு வழிகள். பாஷ் ஷெல்லில் டிம்அவுட் என்ற மாறியை (எழுத்து எழுத்தாகச் சொன்னால் டி-எம்-ஓ-யு-டி) /இடிசி/ப்ரொஃபைல்.டி அடைவில் வைப்பது ஒன்று. ப்ராம்ப்டில் காத்திருக்கும்போது மட்டும் அது எண்ணும். விம் எடிட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் போனவரைத் தொடாது. மற்றது 9.2 பதிப்பில் வந்த சேனல்டைம்அவுட். இது எஸ்எஸ்ஹெச்டி மட்டத்திலேயே, தரவு ஓடாத செஷனை மூடும். கூடவே அன்யூஸ்டுகனெக்‌ஷன்டைம்அவுட் போட்டால்தான் வெறும் இணைப்பும் அறும்.

ஒருவரின் செஷனை மட்டும் பாதுகாப்பாக முடிப்பது எப்படி?

‘டபிள்யூ’ கட்டளை ஒவ்வொரு செஷனும் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது, என்ன ஓடுகிறது என்று காட்டும். முதலில் ‘டிடிஒய்’ என்று தட்டி உங்கள் டெர்மினல் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தன் செஷனையே வெட்டிக்கொள்பவர்கள் உண்டு. பிறகு பிஎஸ் -டி கொடுத்து அந்த டெர்மினலில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஒன்று பாதியில் இருக்கும்போது ‘ஐடில் 2 மணி நேரம்’ என்று காட்டுவது சாதாரணம், ஏனென்றால் அந்தக் கணக்கு விசைப்பலகையை மட்டும் பார்க்கிறது.

அப்புறம் லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ் காட்டும் எண்ணை டெர்மினேட்-செஷனுக்குக் கொடுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) இல்லாத இடத்தில் பிகில் மூலம் முதலில் ஹெச்யுபி சிக்னல், கேட்கவில்லை என்றால் மட்டும் கில். பட்டியலில் சில செஷன்கள் ‘குளோசிங்’ என்ற நிலையில் தங்கியிருந்தால் அவர் வெளியேறிவிட்டார், பின்னணியில் விட்டுப்போன நிரல் ஒன்று இன்னும் ஓடுகிறது என்று பொருள். அது வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

“பிடிஒய் அலோகேஷன் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு ஆன் சேனல் 0” என்றால்?

போலி டெர்மினல் கிடைக்கவில்லை. கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதியின்) வரம்பு இயல்பாக 4,096. சிஸ்சிடிஎல் கொடுத்து கெர்னல்.பிடிஒய்.மேக்ஸ், கெர்னல்.பிடிஒய்.என்ஆர் இரண்டையும் ஒப்பிட்டால் நிரம்பியிருக்கிறதா என்று தெரியும். நிரம்பியிருந்தால் ஏதோ ஒரு நிரல் டெர்மினல்களைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறது. நிரம்பவில்லை என்றால் /டெவ்/பிடிஎஸ் சரியாக மவுன்ட் ஆகவில்லை. கன்டெய்னர்களில் இது சகஜம். எப்படியிருந்தாலும் கிளையன்ட்டில் பெரிய டி சுவிட்ச் போட்டு இணைத்தால் டெர்மினல் இல்லாமலே உள்ளே போய்க் கட்டளைகளை ஓட்டலாம். ப்ராம்ப்ட் வராது, பயந்துவிடாதீர்கள்.

உள்ளே போய்விட்டேன். எதைத் தட்டினாலும் “ஃபோர்க்: ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்” என்கிறது.

இது லாகின் வரம்பு மாதிரியே நடிக்கும் ப்ராசஸ் வரம்பு. என்ப்ராக் என்ற அந்த வரம்பு பயனரின் ப்ராசஸ்களை மட்டுமல்ல, அவற்றின் த்ரெட்களையும் (ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகளையும்) சேர்த்து எண்ணும். ஜாவா நிரல் ஒன்று தனியாகவே சில நூறு த்ரெட்களைத் தின்றுவிடும். அதே பயனர் பெயரில் நீங்களும் லாகின் செய்தால், உங்கள் ஷெல்லுக்கு இடம் இல்லை. சிஸ்டம்டி உள்ள இடத்தில் இன்னொரு வரம்பும் உண்டு: ஒவ்வொரு பயனரின் ஸ்லைஸுக்கும் (அவருடைய ப்ராசஸ்களின் தொகுப்புக்கும்) டாஸ்க்ஸ்மேக்ஸ், இயல்பாக 33 சதவீதம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸில் அந்தப் பயனரின் ஸ்லைஸைக் கேட்டால் எத்தனையில் எத்தனை என்று காட்டும்.

ரூட்டாக நுழைய முடிந்தால் வேலை எளிது. முடியாமல் அதே ஷெல்லில் மாட்டிக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது. ‘பிஎஸ்’ ஓடாது, அதற்குப் புதிய ப்ராசஸ் வேண்டும். ஆனால் ‘எக்கோ’வும் ‘கில்’லும் பாஷுக்கு உள்ளேயே இருப்பவை, ஃபோர்க் தேவையில்லை. /ப்ராக் அடைவில் எண்ணில் தொடங்கும் பெயர்களை எக்கோவால் விரித்துப் பார்த்தால் ப்ராசஸ் எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் ‘காம்’ கோப்பையும் ‘ரீட்’ கட்டளையால் வாசித்தால் அது என்ன நிரல் என்று தெரியும். தேவையில்லாத ஒன்றை கில் செய்ததும் மூச்சு விட இடம் வரும், மீதியை வழக்கம்போலச் செய்யலாம்.

அலுவலகத்திலிருந்து யாராலும் நுழைய முடியவில்லை, மொபைல் நெட்டில் போகிறது. சர்வரில் கூட்டமே இல்லை.

உங்கள் அலுவலகம் முழுவதும் ஒரே பொது முகவரியில் வெளியே வருகிறது. சர்வருக்கு நீங்கள் எல்லோரும் ஒரே ஆள். ஒருவர் பழைய பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தால் தண்டனை எல்லோருக்கும். ஃபெயில்2பேன் தன் இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தோல்வி என்றால் 10 நிமிடம் தடுக்கும். ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்ஹெச்டி என்று கேட்டால் தடுத்த முகவரிகள் தெரியும். அன்பேன்ஐபி கொடுத்து விடுவிக்கலாம்.

ஃபெயில்2பேன் நிறுவவே இல்லையே என்றால், எஸ்எஸ்ஹெச்டியின் பதிப்பைப் பாருங்கள். 2024-இல் வந்த 9.8 முதல் பெர்சோர்ஸ்பெனால்டிஸ் என்ற வசதி இயல்பாகவே இயங்குகிறது. தவறு செய்யும் முகவரிகளுக்கு அபராத நேரம் சேர்ந்துகொண்டே போய், 10 நிமிடம் வரை எட்டும். டிஸ்ட்ரோவை அப்கிரேட் செய்த வாரத்தில் தொடங்கிய பிரச்சினை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அலுவலக முகவரியை பெர்சோர்ஸ்பெனால்டிஎக்ஸெம்ப்ட்லிஸ்டில் சேர்த்தால் போதும், வசதியையே அணைக்க வேண்டாம்.

கான்ஃபிக்கில் மாற்றினேன், ரீலோடும் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்கில் ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததுதான் செல்லும். பல மென்பொருள்களில் கடைசியில் வருவது வெல்லும். அந்தப் பழக்கத்தில் கோப்பின் அடியில் எழுதுபவர்கள்தான் அதிகம். டெபியன், உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி அடைவைச் சேர்க்கும் இன்க்லூட் வரி கோப்பின் தலையிலேயே இருக்கிறது. அங்கே கிளவுட் நிறுவனத்தின் இமேஜ் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதுதான் முந்திக்கொள்ளும். இன்னொரு பொறி: கோப்பின் அடியில் மேட்ச் பிளாக் (குறிப்பிட்ட பயனர், முகவரி போன்றவற்றுக்கு மட்டும் செல்லும் பகுதி) இருந்தால், அதற்குக் கீழே நீங்கள் எழுதும் வரி அந்த பிளாக்குக்குள் போய்விடும்.

ஊகிக்க வேண்டாம். எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைப் பெரிய டி சுவிட்சோடு ரூட்டாக ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் படித்தபின் எந்த மதிப்பு நிற்கிறது என்று அச்சிடும். சின்ன டி எழுத்துப்பிழைகளை மட்டும் சோதிக்கும். ரீலோடுக்கு முன் சின்ன டி, பின் பெரிய டி என்று கை பழகட்டும்.

சிஸ்டம்டி சாக்கெட் வழியாக ஒவ்வொரு இணைப்புக்கும் தனி எஸ்எஸ்ஹெச்டி கிளம்பும் அமைப்பு (அக்செப்ட்=யெஸ்) என்றால் கதையே வேறு. அங்கே மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸுக்கு வேலை இல்லை. சாக்கெட் யூனிட்டின் மேக்ஸ்கனெக்‌ஷன்ஸ்தான் வரம்பு, இயல்பாக 64. அது உள்ளே வந்துவிட்டவர்களையும் சேர்த்து எண்ணும்.

ரீபூட் செய்தபின் ரூட்டைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்கிறது.

/ரன்/நோலாகின் அல்லது /இடிசி/நோலாகின் கோப்பு இருக்கும். பூட் முடியும் வரையும், திட்டமிட்ட ஷட்டவுனுக்கு முந்தைய சில நிமிடங்களிலும் சிஸ்டம்டி முதலாவதை உருவாக்கி வைக்கும். பூட் எங்கோ தொங்கினால் அது அகற்றப்படாமல் நின்றுவிடும். சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ் பார்த்து எந்த யூனிட் தொங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். கோப்பை மட்டும் அழித்தால் ஆட்கள் நுழைவார்கள், தொங்கும் யூனிட் அப்படியே இருக்கும்.

சரி, என் சர்வருக்கு எந்த எண்களை வைப்பது?

ஆட்கள் நேரடியாக நுழையும் சாதாரண சர்வர் என்றால் மேக்ஸ்செஷன்ஸையும் மேக்ஸ்ஆத்ட்ரைஸையும் தொட வேண்டாம். கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 60, லாகின்கிரேஸ்டைம் 30 முதல் 60 வரை. ஜம்ப் ஹோஸ்ட், கிட் சர்வர் போன்றவற்றில் மட்டும் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸை ஏற்றுங்கள். எவ்வளவு என்பதை லாகில் த்ராட்லிங் வரிகள் எப்போது வருகின்றன என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மேக்ஸ்லாகின்ஸ் வைப்பதாக இருந்தால் தனிநபர் கணக்குகளுக்கு மட்டும், அதுவும் கிளையன்ட்அலைவ் போட்ட பிறகு.

இதையெல்லாம் மாற்றும்போது நானே வெளியே மாட்டிக்கொண்டால்?

மாற்றத் தொடங்கும் முன் ரூட் உரிமையோடு இன்னொரு செஷனைத் தனி ஜன்னலில் திறந்து வையுங்கள். எஸ்எஸ்ஹெச்டியை ரீலோடு செய்தாலும், வழக்கமான அமைப்பில் ரீஸ்டார்ட் செய்தாலும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் செஷன்கள் அறுவதில்லை. மாற்றியபின் மூன்றாவதாகப் புதிய இணைப்பு ஒன்றை முயன்று, அது உள்ளே போன பிறகுதான் பழைய ஜன்னலை மூடுங்கள். முயலும்போது கன்ட்ரோல்மாஸ்டர் குறுக்கே வராதபடி கன்ட்ரோல்பாத்தை ‘நன்’ என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய இணைப்பிலேயே ஏறிக்கொண்டு “எல்லாம் சரி” என்று காட்டிவிடும்.

எல்லா ஜன்னலும் போய்விட்டால் மிச்சம் இருப்பது சீரியல் கன்சோலோ, ஹோஸ்டிங் பேனலில் உள்ள வலை கன்சோலோதான். அதில் லாகின் செய்ய ரூட்டுக்கு அல்லது சூடோ (ரூட் உரிமையில் கட்டளை ஓட்டும் அனுமதி) உள்ள ஒரு கணக்குக்குப் பாஸ்வேர்டு வேண்டும். சாவி மட்டுமே வைத்துப் பாஸ்வேர்டைப் பூட்டிவிட்ட கணக்குகளால் அங்கே பயனில்லை. அந்தப் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று இன்றே ஒருமுறை கன்சோலில் போய் அடித்துப் பாருங்கள்.